சின்னம் இல்லாத தலைக்கவசம் – 11: வாக்குப்பதிவுக்கு முந்தின நாள்

சென்ற வாரம் 1995 ஜனவரியில் விட்டோம். புத்தாண்டு அன்று, அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்-இன் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணி, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 20-13 என்று வீழ்த்தியது. ஆறு நாள் கழித்து பிட்ஸ்பர்க் போய், ஸ்டீலர்ஸிடம் 29-9 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பியது.

தோற்று வந்தவர்களை ஊர் கடிந்துகொள்ளவில்லை. நான்கு சீசன்களாக ப்ளே ஆஃப் வாசலை மிதிக்காத அணி அது. இந்த முறை 16 ஆட்டங்களில் 11 வெற்றி. லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த தற்காப்பு, மொத்தம் 204. 1993-இல் ஊரின் செல்லப்பிள்ளை பெர்னி கோசாரை சீசன் நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பி, நகரம் முழுவதன் சாபத்தையும் சம்பாதித்தவர் பயிற்சியாளர் பில் பெலிச்சிக். அவரைக்கூட ஜனங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

‘அடுத்த வருஷம் பார்’ என்பதுதான் அந்தக் குளிர்காலத்தில் கிளீவ்லண்ட் முழுக்கப் பேச்சு.

அந்த அடுத்த வருஷம்தான் இந்த வாரக் கதை. ஏட்டில் அது 5 வெற்றி, 11 தோல்வி. மோசமான சீசன், அவ்வளவுதானே என்று புரட்டிவிட்டுப் போகலாம். இதைவிட மோசமாக ஆடிய அணிகள் எத்தனையோ உண்டு. ஆனால் சீசன் பாதியில் இருக்கும்போதே ‘உங்கள் அணி இனி உங்கள் ஊருக்கு இல்லை’ என்று ரசிகர்களிடம் சொல்லிவிட்டு, மிச்சப் பாதியையும் அவர்கள் கண் முன்னாலேயே ஆடிக் காட்டிய அணி அபூர்வம்.

*

சீசன் தொடங்குமுன்பே சில ஆணிகள் கழன்றிருந்தன.

அந்த 204 புள்ளித் தற்காப்பைக் கட்டிய நிக் சேபன், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். போனவர் பின்னாளில் கல்லூரிக் கால்பந்தின் சக்கரவர்த்தி ஆனார் என்பது வேறு விஷயம். பெலிச்சிக்குக்கு வலது கை போன மாதிரி.

புதுமுகத் தேர்வில் தங்களுக்கு வந்த 10-ஆம் இடத்தை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டு, 30-ஆம் இடத்தையும் அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பையும் வாங்கிக்கொண்டார்கள். நல்ல பேரம். அந்த அடுத்த ஆண்டு வாய்ப்பில் கிடைத்த வீரர் யார், எந்த ஊருக்காக ஆடினார் என்பது கிளீவ்லண்ட்காரர்களுக்கு இன்றும் வயிறு எரியும் கதை. அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

பிறகு ஆண்ட்ரே ரைசன். அட்லாண்டாவில் பேர் வாங்கிய பந்து பிடிப்பாளர். ஐந்து ஆண்டு, 1 கோடியே 70 லட்சம் டாலர் ஒப்பந்தம். பட்டாசு கொளுத்தாத குறையாக ஊர் அவரை வரவேற்றது.

கையெழுத்தானவுடன் கொடுக்கவேண்டிய முன்பணம் 50 லட்சம் டாலர். அதை உரிமையாளர் ஆர்ட் மோடெல் வங்கியில் கடன் வாங்கித்தான் கொடுத்தார். அரங்கத்தில் 70,000 பேர் கூடுகிற ஒரு அணியின் முதலாளி, ஒரு வீரரின் முன்பணத்துக்குக் கடன் வாங்குகிறார். மற்ற எல்லாம் இந்த ஓட்டையிலிருந்துதான் ஒழுகின.

*

மோடெல் ஏன் கடனாளி ஆனார்? இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

1961-இல் ஏறத்தாழ 40 லட்சம் டாலருக்கு அவர் பிரவுன்ஸை வாங்கியதை மூன்றாம் அத்தியாயத்தில் சொன்னேன். நியூயார்க்கிலிருந்து வந்த விளம்பரத்துறைக்காரர். அணி அவருடையது, அரங்கம் நகராட்சியுடையது. ஈரி ஏரிக்கரையில் 1931-இல் திறந்த முனிசிபல் ஸ்டேடியம். பிரம்மாண்டம்தான். ஆனால் தூண்களுக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு ஆட்டத்தில் பாதிதான் தெரியும். ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும். கழிவறைகளைப் பற்றி வேண்டாம்.

1970-களில் மோடெல் அந்தக் கிழட்டு அரங்கத்தை நகராட்சியிடமிருந்து நீண்ட குத்தகைக்கு எடுத்தார். பராமரிப்பு அவர் பொறுப்பு, வருமானமும் அவருக்கு. அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. ஏனென்றால் அதே அரங்கத்தில்தான் இந்தியன்ஸ் பேஸ்பால் அணியும் ஆடியது. கால்பந்துக்குச் சொந்த மண்ணில் வருடத்துக்கு எட்டு ஆட்டம். பேஸ்பாலுக்கு 81. ஆக, நிலக்காரர் நகராட்சி, குத்தகைக்காரர் மோடெல், உள்குத்தகைக்காரர் இந்தியன்ஸ்.

உள்குத்தகைக்காரர் காலி செய்தார்.

1990 மே மாதம் மது, சிகரெட் மீது வரி போட்டு நகர மையத்தில் புதிய விளையாட்டு வளாகம் கட்டுவதற்கு வாக்காளர்கள் சம்மதித்தார்கள். கேட்வே என்று பெயர். இந்தியன்ஸுக்கு ஒரு புத்தம் புதிய மைதானம், கூடைப்பந்து அணிக்கு ஓர் உள்ளரங்கம். இரண்டும் 1994-இல் திறந்தன. மோடெல் அந்தத் திட்டத்தில் சேரவில்லை. தன் கிழட்டு அரங்கமே சோறு போடும் என்று கணக்குப் போட்டார்.

கணக்கு தப்பு. 81 நாள் வருமானம் ஒரே வருடத்தில் நின்றது. பராமரிப்புச் செலவு நிற்கவில்லை. பக்கத்துத் தெருவில் இந்தியன்ஸ் அரங்கம் நிரம்பி வழிந்தது. 1995 செப்டம்பரில் அதே ஏரிக்கரையில் ராக் அண்ட் ரோல் அருங்காட்சியகம் கண்ணாடிப் பிரமிடாக எழுந்து நின்றது. ஊரெல்லாம் புதுப்பூச்சு. மோடெலுடைய கட்டடம் மட்டும் பழசு.

அரங்கத்தைப் புதுப்பிக்க அவர் கேட்டது 17.5 கோடி டாலர். ‘எல்லோருக்கும் கட்டிக் கொடுத்தீர்கள், எனக்கு?’ அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்வேக்கு அழைப்பு வந்தபோது ஒதுங்கி நின்றவரும் அவர்தான்.

ஜூன் மாதம் மோடெல் ஓர் அறிவிப்பு விட்டார். சீசன் முடியும்வரை அரங்க விவகாரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கவனம் முழுக்க ஆட்டத்தில். நகரம் அதை நம்பியது. மது-சிகரெட் வரியை நீட்டி அரங்கத்தைச் செப்பனிடும் தீர்மானத்தை நவம்பர் 7 வாக்குச்சீட்டில் சேர்த்துவிட்டு, அது பாட்டுக்கு இருந்தது.

நகரத்தோடுதான் பேசுவதில்லை என்றாரே தவிர, வேறு யாரோடும் பேசமாட்டேன் என்று மோடெல் சொல்லவில்லை.

*

செப்டம்பர் 3. முதல் ஆட்டத்தில் பேட்ரியட்ஸிடம் 17-14 தோல்வி. அடுத்த மூன்றும் வெற்றி. டாம்பா, ஹூஸ்டன், கடைசியாக கான்சஸ் சிட்டியை 35-17. நான்கில் மூன்று. ‘சொன்னோமே’ என்றது ஊர்.

அதோடு சரி. பஃபலோவிடம் மூன்று புள்ளியில் தோல்வி, டெட்ராய்ட்டிடம் 38-20. பிறகு அக்டோபர் 22-இல் சொந்த அரங்கில் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ். அந்த ஆண்டுதான் பிறந்த அணி. 23-15 என்று பிரவுன்ஸ் தோற்றது.

அந்தத் தோல்விக்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. 1993-இல் இரண்டு புதிய அணிகளுக்கு இடம் கொடுக்க லீக் முடிவு செய்தபோது, வரிசையில் நின்ற ஊர்களில் பால்டிமோரும் ஒன்று. சார்லட்டுக்கு ஒன்று போனது. மற்றது ஜாக்சன்வில்லுக்கு. பால்டிமோர் வெறுங்கையோடு திரும்பியது. 1984 மார்ச்சில் ஓர் இரவு, கோல்ட்ஸ் அணியின் சாமான்களை லாரிகளில் ஏற்றி இண்டியானாபொலிஸுக்குக் கடத்திக்கொண்டு போனார்களே, அதே பால்டிமோர். பத்து வருடங்களுக்கு மேல் அணியில்லாத ஊர். கையில் அரங்கம் கட்டப் பணம் உண்டு, ஆட ஆள் இல்லை.

ஜாக்சன்வில்லுக்குப் பதில் பால்டிமோருக்கு அந்த இடம் கிடைத்திருந்தால், இந்த அத்தியாயமே இருந்திருக்காது.

பெலிச்சிக் என்ன செய்தார்? குவார்ட்டர்பேக் வின்னி டெஸ்டவெர்டியை உட்கார வைத்தார். அணியில் உருப்படியாக ஆடிக்கொண்டிருந்த சிலரில் அவர் ஒருவர். அவர் இடத்தில் புதுப்பையன் எரிக் ஸயர். அக்டோபர் 29-இல் சின்சினாட்டியில் ஸயரின் முதல் ஆட்டம். கூடுதல் நேரத்தில் 29-26 வெற்றி. எட்டு ஆட்டத்தில் நான்கு. பரவாயில்லை, இன்னும் பிழைத்துக்கொள்ளலாம்.

அந்த வெற்றிக்கு இரண்டு நாள் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. களத்தில் இருந்த ஒருவருக்கும் தெரியாது.

*

1995 அக்டோபர் 27, வெள்ளிக்கிழமை.

கிளீவ்லண்ட் அன்று கால்பந்தையே மறந்திருந்தது. 41 வருடம் கழித்து இந்தியன்ஸ் பேஸ்பாலின் உலகத் தொடருக்குப் போயிருந்தது. முந்தின இரவு சொந்த மண்ணில் ஐந்தாவது ஆட்டத்தை வென்று, அட்லாண்டாவுக்குப் புறப்படும் நேரம். ஊரின் கண்ணெல்லாம் பேஸ்பால் மேல்.

பால்டிமோர்-வாஷிங்டன் விமான நிலையத்தில் ஒரு தனியார் ஜெட் விமானம் நின்றது. அது ஆல் லெர்னருடையது. வங்கித் தொழிலில் பெரும் பணக்காரர், மோடெலின் நண்பர், பிரவுன்ஸில் சிறு பங்காளி. உள்ளே மோடெல். எதிரே மேரிலாந்து மாநில அரங்க ஆணையத்தின் தலைவர் ஜான் மோக். இருவரையும் சேர்த்து வைத்தவர் லெர்னர்தான்.

மேரிலாந்து வைத்த தட்டைப் பாருங்கள். சுமார் 20 கோடி டாலரில் புதிய அரங்கம், அரசுச் செலவில். வாடகை இல்லை. டிக்கெட், சொகுசு அறைகள், தீனிக்கடை, வண்டி நிறுத்தம் என்று உள்ளே வருகிற வருமானம் எல்லாம் அணிக்கு. போதாததற்கு, இருக்கை உரிமையை ரசிகர்களுக்கு விற்று ஏழரைக் கோடி டாலர் வரை எடுத்துக்கொள்ளலாம்.

முப்பத்துநான்கு வருடம் ஒரே ஊரில் இருந்த மனிதர். 1980-களில் ஓக்லண்ட் ரெய்டர்ஸை ஆல் டேவிஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்கு இழுத்துக்கொண்டு போனபோது எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். அணியை ஊர் மாற்றமாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னவர்.

ஓடாமல் நின்ற அந்த விமானத்துக்குள் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கையெழுத்தைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. பேராசை என்பது ஒன்று. வேறு வழியில்லை, மூழ்கிக்கொண்டிருந்தார் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறவன். மோடெல் கெட்ட வியாபாரி. கெட்ட மனிதர் என்று சொல்ல மனம் வரவில்லை. அவர் செய்த குற்றம் போனது இல்லை, போன விதம். பதினொரு நாள் பொறுத்திருந்தால் வாக்கு எண்ணிக்கை வந்திருக்கும். அவர் அந்த எண்ணிக்கைக்குக் காத்திருக்கவே விரும்பவில்லை என்பதுதான் இன்றுவரை கிளீவ்லண்ட் மன்னிக்காத விஷயம்.

லெர்னர் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் அவர் நம்ப முடியாத ஓர் இடத்தில் வந்து உட்காரப்போகிறார்.

*

ரகசியம் ஒரு வாரம்தான் தாங்கியது.

நவம்பர் முதல் வார இறுதியில் செய்தி கசிந்தது. 5-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஹூஸ்டன் ஆய்லர்ஸ் கிளீவ்லண்டுக்கு வந்தது. அரங்கத்துக்கு வந்தவர்கள் ஆட்டம் பார்க்க வரவில்லை. திட்ட வந்தார்கள். மோடெலைத் திட்டினார்கள், ‘பில் போகவேண்டும்’ என்று பெலிச்சிக்கை நோக்கியும் கத்தினார்கள். பிரவுன்ஸ் 37-10 என்று நொறுங்கியது.

எதிரணி ஹூஸ்டனும் அதே நவம்பரில் நாஷ்வில்லுக்குக் குடிபெயர ஒப்பந்தம் போட்டது. ராம்ஸும் ரெய்டர்ஸும் அந்த ஆண்டுதான் லாஸ் ஏஞ்சலிஸைக் காலி செய்திருந்தன. அந்த ஞாயிறு மோதிக்கொண்டவை, ஊரை விட்டுப் போகக் காத்திருந்த இரண்டு அணிகள்.

மறுநாள் திங்கள், நவம்பர் 6. பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் அரங்கத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் மேடை போட்டிருந்தார்கள். ஆளுநர் பாரிஸ் கிளெண்டெனிங் முகம் மலர நின்றார். பக்கத்தில் மோடெல். தனக்கு வேறு வழியில்லை என்றார். அங்கே கூட்டம் ஆரவாரித்தது. அதே காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த கிளீவ்லண்டுக்கு வயிற்றில் இடி.

அடுத்த நாள் செவ்வாய், நவம்பர் 7. வாக்குப்பதிவு.

வாக்குச்சீட்டில் அந்தத் தீர்மானம் இன்னும் இருந்தது. மோடெலின் அரங்கத்தைப் புதுப்பிக்க மது-சிகரெட் வரியை நீட்டலாமா என்ற கேள்வி. முந்தின நாள் பகல் பால்டிமோரில் சிரித்துக்கொண்டு நின்றவருக்காக, தங்கள் பாக்கெட்டில் கை வைக்கச் சம்மதமா என்று ஜனங்களைக் கேட்டது அந்தச் சீட்டு.

‘ஆம்’ என்று வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 70 பேருக்கும் மேல்.

இதை அசட்டுத்தனம் என்று சிரித்தவர்கள் அப்போதே உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர்கள் மோடெலுக்கு வாக்களிக்கவில்லை. ‘நாங்கள் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தோம்’ என்று பதிவேட்டில் ஏற்றினார்கள். பின்னால் பேரம் பேச உட்கார்ந்தபோது, நகர மேயர் மைக்கேல் வைட்டின் கையில் இருந்த கனமான கல் அந்த எண்தான்.

*

அதன்பின் நடந்ததை ஆட்டம் என்று சொல்வது மரியாதைக்காக.

பிட்ஸ்பர்க்கில் 20-3 தோல்வி. கிரீன் பே வந்து 31-20 என்று வென்று போனது. மறுபடி பிட்ஸ்பர்க், 20-17. சான் டியேகோ, மின்னசோட்டா. ஹூஸ்டனையும் சேர்த்துத் தொடர்ந்து ஆறு தோல்வி. ஸயர் தொடங்கிய நான்கு ஆட்டங்களில் மூன்று போயின. டெஸ்டவெர்டியையே திரும்ப அழைத்தார்கள். அதற்குள் யார் ஆடினால் என்ன என்றாகிவிட்டது.

அரங்கத்தில் விளம்பரம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். பலகைகள் வெறுமையாயின. வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. மோடெல் ஊரில் இல்லை. அதன் பிறகு கிளீவ்லண்டில் ஓர் ஆட்டத்தைக்கூட அவர் நேரில் பார்க்கவில்லை. 2012-இல் இறக்கும்வரை.

வீரர்கள் நிலைமை இன்னும் தர்மசங்கடம். வீட்டை விற்பதா, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுப்பதா, புதிய ஊரில் தனக்கு இடம் உண்டா. யாருக்கும் பதில் தெரியாது. முடிவு அவர்களைக் கேட்டு எடுத்ததில்லை. ஆனால் திட்டு அவர்களுக்கும் விழுந்தது.

நவம்பர் 19, கிரீன் பே ஆட்டம் முடிந்தபின் ரைசனுக்குப் பொறுக்கவில்லை. சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு அவமானப்படுத்துகிறார்களே என்று வெடித்தார். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள். பால்டிமோரே எங்கள் வீடு என்கிற பொருள்பட முடித்தார். கடன் வாங்கிக் கொடுத்த 50 லட்சத்துக்கு ஊருக்குக் கிடைத்த பலன் இது.

வேடிக்கை, அதே நாளில்தான் பால்டிமோரின் ஸ்டாலியன்ஸ் அணி கனடா லீகின் கிரே கோப்பையை வென்றது. என்.எஃப்.எல் கைவிட்ட காலத்தில் அந்த ஊரின் தாகத்தைத் தணித்த அணி. கோப்பையைத் தூக்கியவர்களுக்குச் சொந்த ஊரில் இனி இடமில்லை. பெரிய அண்ணன் வருகிறான், சின்னவன் கிளம்பவேண்டியதுதான். அவர்கள் மான்ட்ரியலுக்குப் போனார்கள். கிளீவ்லண்டின் வலிக்கு நடுவில் இந்தச் சின்ன வலியை யாரும் எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

*

டிசம்பர் 17. ஏரிக்கரையில் கடைசி ஆட்டம். எதிரணி சின்சினாட்டி பெங்கால்ஸ்.

55,875 பேர் வந்தார்கள். சிலர் கோட்டுக்குள் ரம்பம் கொண்டு வந்திருந்தார்கள். சிலரிடம் திருகுசாவி.

அரங்கத்தின் கிழக்கு ஓரத்தில் முதுகுச் சாய்வில்லாத மலிவு விலைப் பலகைகள். டாக் பவுண்ட் என்று பெயர். நம் சொல்லில் நாய்ப்பட்டி. 1980-களில் தற்காப்பு வீரர்கள் இருவர் ஒருவரையொருவர் நாய் மாதிரி குரைத்து உசுப்பேற்றிக்கொண்டதில் பிறந்த பெயர். அங்கே உட்காருபவர்கள் நாய் முகமூடி போட்டுக்கொண்டு, எதிரணி வந்தால் குரைப்பார்கள். நாய் பிஸ்கட்டை வீசுவார்கள். ஆலைத் தொழிலாளிகள், லாரி ஓட்டுகிறவர்கள், தாத்தா காலத்திலிருந்து அதே வரிசைக்கு வருகிற குடும்பங்கள்.

ஆட்டம் நடக்கும்போதே பலகைகளை அறுக்கும் சத்தம் கேட்டது. முதலில் துண்டு துண்டாக, பிறகு வரிசை வரிசையாக. பெயர்த்த பலகைகள் தலைக்கு மேல் கை மாறிக் கை மாறி வந்து, மைதானத்தின் ஓரத்தில் விழுந்தன. பட்டாசு வெடித்தது.

கடைசிக் கால்பகுதியில் நடுவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். அந்த முனையில் ஆட முடியாது. இரண்டு அணிகளும் எதிர்முனையை நோக்கியே ஆடட்டும்.

ஆடுகளத்தில் பாதி ரசிகர்களுக்குப் போய்விட்டது. அவர்களுடைய அரங்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த கடைசிப் பங்கு.

மிச்சமிருந்த பாதியில் ஒரு மனிதர் ஓடிக்கொண்டே இருந்தார். எர்னஸ்ட் பைனர். வயது 33.

அந்தப் பெயரை இந்தத் தொடரின் வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 1988 ஜனவரி, டென்வர். சூப்பர் பவுலுக்குப் போக ஒரே படி. கோட்டுக்குச் சில கெஜம் முன்னால், ஆட்டத்தைச் சமன் செய்யவேண்டிய நொடியில் பந்தைக் கைநழுவ விட்டவர். ஊர் அழுத அந்த நாளுக்குக் காரணம் என்று பெயர் சுமந்தவர். வாஷிங்டனுக்குப் போய், அங்கே கோப்பை வென்று, 1994-இல் திரும்பி வந்தவர்.

அன்று 31 முறை பந்தைச் சுமந்தார். 121 கெஜம். பிரவுன்ஸ் 26-10 என்று வென்றது. ஆறு தோல்விக்குப் பின் ஒரு வெற்றி.

ஆட்டம் முடிந்தது. வீரர்கள் ஓய்வறைக்குப் போகவேண்டிய சுரங்க வழி ஒரு பக்கம். பைனர் அங்கே போகவில்லை. எதிர்ப்பக்கம் திரும்பி, உடைந்த பலகைகள் கிடந்த நாய்ப்பட்டியை நோக்கி நடந்தார். பின்னால் சென்டர் ஸ்டீவ் எவரிட், இன்னும் சிலர்.

சுவரின் மேலிருந்து கைகள் நீண்டன. ஒவ்வொரு கையாகப் பிடித்தார். கட்டிக்கொண்டார்கள். முகமூடிக்குள் அழுதவர்கள் உண்டு. ஒரு காலத்தில் பந்தை நழுவவிட்டவன் என்று எந்த ஊர் குமுறியதோ, அந்த ஊரிடம் விடைபெற முதலில் போனவர் அவர்தான்.

வெளியே வந்தவர்களின் தோளில் பலகைகள் இருந்தன. இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு, பனியில் பேருந்து நிறுத்தத்தை நோக்கி.

*

ஒரு வாரம் கழித்து, கிறிஸ்துமசுக்கு முந்தின நாள், ஜாக்சன்வில்லில் கடைசி ஆட்டம். 24-21 தோல்வி. பிறந்து ஒரு வருடம் ஆகாத அணியிடம் அதே சீசனில் இரண்டாவது முறை. 5-11. கணக்கு முடிந்தது.

நகரத்தின் கணக்கு முடியவில்லை.

மேயர் வைட் ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தார். அரங்கக் குத்தகை 1998 வரை. அணி ஆடவேண்டிய மூன்று வருடம் பாக்கி இருக்கிறது. பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்பது செல்லாது, வந்து ஆடவேண்டும் என்பது அவர் வாதம். லீக் அலுவலகத்துக்கும் மற்ற உரிமையாளர்களுக்கும் ரசிகர்களின் ஃபேக்ஸ்களும் மனுக்களும் மூட்டை மூட்டையாகப் போயின. ஆணையர் பால் டாக்லியாபு தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்கு அடியில் இன்னொரு கேள்வி முளைத்திருந்தது. அணியை எடுத்துக்கொண்டு போகலாம், சரி. பெயரையும் எடுத்துக்கொண்டு போகலாமா? பழுப்பும் செம்மஞ்சளும்? சின்னமே இல்லாத அந்தத் தலைக்கவசம்? 1964 கோப்பை? ஜிம் பிரவுன் ஓடிய கெஜங்கள்? அவை மோடெலின் பெட்டியில் ஏறுமா, ஊரில் தங்குமா?

எது எப்படியானாலும் லீகின் விதி ஒன்று இருந்தது. இடமாற்றத்துக்கு 30 உரிமையாளர்களில் முக்கால்வாசிப் பேர் கைதூக்கவேண்டும். அதாவது 23 கை. மோடெல் அந்த அறையில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவர். தொலைக்காட்சி ஒப்பந்தங்களைப் பேசி மற்றவர்கள் பையை நிரப்பியவர். எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

அவர்களில் ஒருவர் பிட்ஸ்பர்க்கின் டான் ரூனி. 1970-இல் பழைய பிரிவை விட்டு பிரவுன்ஸும் ஸ்டீலர்ஸும் கைகோத்துத்தான் புதிய பிரிவுக்கு மாறின. இரண்டு மணி நேரச் சாலைத் தூரத்தில், வருடத்துக்கு இரண்டு முறை பிரவுன்ஸை அடிப்பதையே பெருமையாகக் கொண்ட ஊர் அது. கிளீவ்லண்ட் ஒழிந்தால் பிட்ஸ்பர்க்குக்கு என்ன நஷ்டம்?

1996 பிப்ரவரி 9-ஆம் தேதி அந்த அறைக் கதவு மூடியபோது, ரூனியின் கை எந்தப் பக்கம் எழுந்தது?

(அடுத்த வாரம்)